தமிழாசிரியர் பதில்கள்: பழைய உரை எதுவரைக்கும்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆனால் பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் இரண்டு வாரமாகச் சண்டை. (ஒரு தாய், மன்னார்குடி)

சண்டையை நிறுத்திவிட்டு அவள் கையில் நன்னூலைக் கொடுங்கள். கவிதை எழுதலாம் என்ற ஆசையில் தமிழ் படிக்க வந்த பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். குற்றியலுகரம் வந்ததும் முகம் வாடிவிடும். நன்னூல், யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், நம்பியகப்பொருள், புறப்பொருள் வெண்பாமாலை என்று இலக்கணம் விடாமல் துரத்தும். விடுமுறையில் இருபது நாள் நன்னூலை உரையோடு படிக்கட்டும். அப்புறமும் தமிழ்தான் என்றால் மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடுங்கள். பள்ளி வேலைக்கு இரண்டு வருஷ பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். கல்லூரி வேலை என்றால் எம்.ஏ., அப்புறம் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் என்று பாதை நீளும். கல்யாணத்துக்கு அவசரப்படுகிற வீடாக இருந்தால் அதை இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, புறநானூற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாட்டெல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறது. நெறியாளரோ நூலகத்துக்குப் போ, போ என்று விரட்டுகிறார். அங்கே போய் எதைப் பார்ப்பது? (ஆய்வு மாணவர், திருச்சி)

நான் உங்கள் நெறியாளர் கட்சி. நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1986இல் எம்.ஃபில். ஆய்வேட்டில், புறநானூறு 299ஆம் பாட்டைப் பற்றி எழுதும்போது 'பழைய உரைகாரர் கூறுவதுபோல' என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்திருந்தேன். யாரோ எழுதிய கட்டுரையில் பார்த்து அப்படியே இறக்கியது. வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பழைய உரை எதுவரைக்கும்மா கிடைச்சிருக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்த உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அடுத்த இரண்டு பாட்டும், அதாவது 267ம் 268ம், மூலமே கிடைக்கவில்லை. நான் மேற்கோள் காட்டியது இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் எழுதிய உரை. உ.வே. சாமிநாதையர் பதிப்பைக் கையில் எடுத்து 266ஐத் தாண்டி நாலு பக்கம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட டிபன் என்னவென்றுகூட நினைவில்லை.

மின்நூல்களை நான் குறை சொல்லவில்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் ஏற்றிவைத்திருப்பதில் நானும் அடிக்கடி சொல் தேடுகிறேன். ஆனால் கைபேசியில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் மூலம்தான். பாடவேறுபாடு (சுவடிக்குச் சுவடி சொல் மாறுவது), அடிக்குறிப்பு, முன்னுரை எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். ஒரு எழுத்து மாறிப் பாடம் வேறாக இருந்தால் உங்கள் மூன்றாம் இயலே கவிழ்ந்துவிடும். அதனால் 1894இல் முதலில் வந்த சாமிநாதையர் பதிப்பு, அதன் பிந்திய பதிப்புகள், 1940இல் வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியத் தொகுப்பு இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட பாட்டுகளை மட்டும் வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒரு மாதம் போகும். போகட்டும்.

இனி தேடும் விதம். பட்டியலில் ஒரே பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று திரும்பாதீர்கள். சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர், எல்லாம் அவர்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் சகரத்துக்கு ஆங்கிலத்தில் 'எஸ்' போடாமல் 'சி' போட்டிருப்பார்கள். இது தெரியாமல் என் மாணவி ஒருத்தி ஒரு வாரம் வீணாக்கினாள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகமானால் தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கும், தமிழ் மொழியும் இலக்கணமும் 494.811இல். இரண்டு அடுக்குக்கும் போங்கள், உரைநூல் எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய இதழ்க் கட்டுரைகளுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்துவைத்தவை அவை. 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே 1994இல் நூலகமாக்கியது. நீங்கள் திருச்சிக்காரர், ரயில் ஏறுவதற்கு முன் வேண்டிய நூல்களின் பட்டியலோடு போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், நூலகரிடம் வாய்திறந்து பேசுங்கள். 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்பதை நூலக விதிகளில் ஒன்றாகவே எழுதிவைத்த ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர்தான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் செய்யுளை ஒப்பிக்கிறார்கள், பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். (ஆசிரியை, ஆலங்குடி)

பொருளை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். நானும் பத்து வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் குறுந்தொகைப் பாட்டில் வரும் 'செம்புலப் பெயனீர்' என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். 'பெயனீர்' என்றால் என்ன என்று வகுப்பே முட்டி மோதியது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் "பெயல், நீர்... மழைத் தண்ணியா டீச்சர்?" என்றான். லகரமும் நகரமும் சேர்ந்து னகரமான கதையை அதற்கப்புறம் சொன்னேன், பசித்தவன் வாயில் சோறு போல இறங்கியது. பாடியவர் பெயர் தெரியாமல், அந்தத் தொடரையே அவருக்குப் பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்கிறோம் என்றதும் கைதட்டினார்கள். செம்புலம் என்றால் செம்மண் நிலம், உங்கள் ஊர்ப் பக்கம் செம்மண்தானே? ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கொண்டு போங்கள், நோட்ஸ் வேண்டாம்.

கேள்வி: வயது 61. வங்கியில் ஓய்வு பெற்றுவிட்டேன். எம்.ஏ. தமிழ் படிக்கலாமா? (வாசகர், காரைக்குடி)

தாராளமாக. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி மாதிரி வீட்டிலிருந்தே படிக்கலாம். தொல்காப்பியத்துக்கு மட்டும் உள்ளூரில் ஒரு ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், தனியாகப் படித்தால் தூக்கம் வரும். தேர்வு மூன்று மணி நேரம். கணினியில் தட்டிப் பழகிய விரல் வலிக்கும். இன்றிலிருந்தே தினம் நாலு பக்கம் பேனாவால் எழுதுங்கள்.