கற்பனை உலகத்துக்கு நிஜப் பண்பாடுகளிலிருந்து எடுக்கலாமா? காப்பி அடித்த மாதிரி ஆகிவிடாதா?

தாராளமாக எடுக்கலாம், எல்லோரும் எடுக்கத்தான் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பலர் உடை, வாள், கோபுரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது பக்கத்திலேயே 'இது ஜப்பான்' என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார். நான் தேடுவது வேறு: ஒரு ஏற்பாடு எதற்காக வந்தது, வந்தபின் என்னவெல்லாம் ஆனது.

சரி, அதே ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். டோக்குகாவா என்ற ராணுவக் குடும்பத்தின் ஆட்சியில் 1635-இல் ஒரு விதி கட்டாயமானது. பிரபுக்கள் ஒரு வருடம் சொந்த மண்ணிலும் மறு வருடம் ஆட்சி நடந்த எடோவிலும் (இன்றைய டோக்கியோ) மாறி மாறி இருக்க வேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே. மரியாதையாக வைக்கப்பட்ட பிணைக்கைதிகள், அவ்வளவுதான். பரிவாரத்தோடு போய் வருவதிலேயே பிரபுக்களின் பணம் கரைந்தது. அந்தப் பணத்தில் சாலையோர விடுதி ஊர்கள் செழித்தன. சோதனைச் சாவடிகளில் இரண்டை உன்னிப்பாகப் பார்த்தார்கள்: எடோவுக்குள் வரும் துப்பாக்கி, எடோவை விட்டு வெளியேறும் பெண். பிரபுவின் மனைவி நழுவுகிறாள் என்றால் கலகம் வரப்போகிறதோ என்ற பயம்.

இப்போது சாமுராய், கிமோனோ எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பருவக்காற்றை நம்பிக் கப்பலில் வந்துபோகும் தீவுப் பிரபுக்களை வையுங்கள். காற்று பொய்த்த வருடம் என்ன ஆகும்? தலைநகரிலேயே வளர்ந்த பையன், அப்பா இறந்ததும் தான் பார்த்தே இராத தீவுக்குத் தலைவனாகப் போய் இறங்கினால்? கதை தானாக நகரும். ஜப்பான் யாருக்கும் ஞாபகம்கூட வராது.

எடுப்பதோடு ஒட்டியிருப்பதையும் பார்த்துவிடுங்கள். தென் அமெரிக்காவில் பேரரசு நடத்திய இன்காக்களின் முடிச்சுக் கயிறான கிப்பு நிறைய எழுத்தாளர்களுக்குப் பிடித்த சங்கதி. இன்காக்களிடம் நாணயம் கிடையாது. மக்கள் வரியை உழைப்பாகச் செலுத்தினார்கள், அரசு கிடங்குகளில் தானியமும் துணியும் சேர்த்தது. அந்தக் கணக்குகளெல்லாம் இருந்தது கயிற்றில்தான். கதாநாயகன் அதே கயிற்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு சத்திரத்தில் தங்கக்காசை வீசினால், கயிறு வெறும் அலங்காரம்.

அப்புறம், இன்றும் வாழும் மக்கள் புனிதமாக வைத்திருப்பவை. நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிகள் முகத்தில் குத்திக்கொள்ளும் பச்சையான மோகோ ஒருவருடைய வம்சாவளியைச் சொல்வது. அதை அப்படியே கொண்டுபோய் ஒரு வில்லன் முகத்தில் ஒட்டாதீர்கள். முகத்தில் வம்சத்தை எழுதும் பழக்கம்தான் வேண்டுமென்றால், கோடுகளை நீங்களே வரையுங்கள். யார் குத்திக்கொள்ளலாம், பொய்யாகக் குத்திக்கொண்டால் என்ன தண்டனை என்ற விதிகளும் உங்களுடையதாக இருக்கட்டும்.

எதைப் படிப்பது என்று கேட்டால், போர் வரலாறுகளைவிட வரி, வாரிசுரிமை, வழக்குகள் பற்றிய புத்தகங்களைத்தான் சொல்வேன். எனக்கு அங்கேதான் அதிகம் கிடைத்திருக்கிறது.