போரா, வீடா? அதற்கு முன்னால் கல்லை ஊன்றுங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மானாமதுரைப் பக்கம் ஊரில் எங்கள் பங்கு 80 சென்ட் மானாவாரிப் புஞ்சை, அப்பா, சித்தப்பா பெயரில் கூட்டுப் பட்டா. காடு முழுக்கச் சீமைக் கருவேலம். மாதம் 6,000 ரூபாய் ஒதுக்க முடியும். ஐந்தாறு வருடத்தில் குடும்பத்தோடு அங்கேயே போய்விட ஆசை. லோன் வாங்கியாவது முதலில் போர் போடு என்கிறார் ஊரில் இருக்கும் மச்சான். வீட்டைக் கட்டு என்கிறார் மனைவி. எதில் தொடங்குவது? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தம்பி, இரண்டும் வேண்டியதுதான், ஆனால் இப்போது இல்லை. கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தக் கூட்டுப் பட்டா. பெரியவர்கள் இருவரும் இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து மூலைக்கு மூலை கல் ஊன்றிவிடுங்கள். சித்தப்பா தங்கமானவராகவே இருக்கட்டும், போர் யார் பாகத்தில் இருக்கிறது என்று நாளைக்குக் கேட்கப்போவது அவர் பேரன். முதல் வருடத்து 72,000 ரூபாயில் ஒரு பங்கு இதற்கே போனாலும் போகட்டும். பட்டா கையில் இருந்தால் சிறு, குறு விவசாயி சான்று வாங்கலாம், சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் அதை வைத்துத்தான்.

கருவேலத்தை அழிக்கக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் உண்டு, அவர்களே வெட்டி எடுத்துக்கொண்டு உங்களுக்கும் ஏதாவது கொடுப்பார்கள். ஆனால் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே பத்துக் கிளையாக வெடிக்கும். தூரோடு பறிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், தூருக்கும் கரியில் விலை உண்டு. மிச்சத்துக்கு ஜேசிபி வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகை குறைவு, உழவன் செயலியில் பதியலாம். வெட்டிய முள்ளை மட்டும் கொளுத்திவிடாதீர்கள், வேலைக்கு ஆகும்.

அப்புறம் தண்ணீர். 80 சென்டில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 1,60,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரி என்றால் 13 லோடு. இது ஒரே மழையில்! அதை ஓடவிட்டுவிட்டு லோன் போட்டு அடிக்கணக்கில் துளைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதனால் புரட்டாசிக்குள் சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை நன்றாக உயர்த்தி, தாழ்ந்த மூலையில் சின்னக் குட்டை ஒன்று வெட்டிவிடுங்கள். முதல் பட்டத்தில் சணப்பை, தட்டைப்பயறு, கம்பு என்று கிடைத்த விதையை எல்லாம் கலந்து விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் போதும், வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மரம் நடும் ஆசை வரும். வேலி இல்லாமல் நட்டால் ஊர் வெள்ளாட்டுக்குத்தான் நடுகிறீர்கள், அறுவடை முடிந்து ஆட்டை அவிழ்த்துவிட்டால் ஒரு கன்று மிஞ்சாது. கம்பி வேலிக்கு உங்கள் பட்ஜெட் தாங்காது. காங்கேயம் பக்கம் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள், ஊருக்குப் போகும்போது அங்கே கேட்டுப் போத்து வெட்டிக்கொண்டு போய் மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றுங்கள். அது தழைத்து அடையும் வரை கருவேல முள்ளை வெளிப்பக்கம் அடைத்து வையுங்கள். ஓரம் முழுக்கப் பனங்கொட்டை, அது செலவே இல்லை. உள்ளே வேம்பு, கொடுக்காப்புளி, சீத்தா, நாலு முருங்கை. மாவும் தென்னையும் போர் போட்ட பிறகு பார்க்கலாம்.

போரை மூன்றாவது வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் போகப் போக அடிக்கூலி ஏறும், உங்கள் பக்கம் சில இடங்களில் உப்புத் தண்ணீர் வேறு. சுற்றியுள்ள போர்களில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, கோடையிலும் நிற்கிறதா என்று கேட்டு, குடித்தும் பாருங்கள்.

வீட்டு விஷயத்தில் மனைவிக்கு ஒன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்: கழிப்பறை. அது இல்லாமல் ஒரு ராத்திரிகூட அவரை அங்கே தங்கச் சொல்லாதீர்கள். அதோடு ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு அறையும் திண்ணையும் ஐந்தாம் வருடம் கட்டலாம், அதுவரை இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல், நாட்டு ஓடு மலிவாகக் கிடைத்தால் வாங்கிச் சேர்த்து வையுங்கள், மரச்சாமானைக் கல் மேல் தூக்கி வையுங்கள், கறையான் விடாது.

மச்சானை முறைத்துக்கொள்ளாதீர்கள். லோனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, வேலியில் ஆடு நுழைகிறதா என்று வாரம் ஒரு தரம் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.