கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடி

கேள்வி: வெளி மின் இணைப்பு இல்லாத எங்கள் வீட்டில் சூரிய மின்சாரத்தால் ஒன்றரை டன் ஏசியை இயக்க முயன்றால், கம்ப்ரசர் கிளம்பும்போதே இன்வெர்ட்டர் அணைந்துவிடுகிறது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் தீருமா?

பதில்: பெரும்பாலும் தீரும். நின்றிருக்கும் கம்ப்ரசர் மோட்டார் சுழலத் தொடங்கும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு வரை மின்னோட்டத்தை இழுக்கும். 7 ஆம்பியரில் ஓடும் ஏசி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 40 ஆம்பியர் கேட்டால், 3 கிலோவாட் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுவதில் வியப்பில்லை. சாஃப்ட் ஸ்டார்ட்டர், மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, அந்த உச்சத்தை வெகுவாகத் தணிக்கிறது. ஆனால் தொடர்ந்து ஓடும்போது ஆகும் மின்செலவை அது குறைக்காது. குறைக்கும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். இரவில் பேட்டரி தாங்க வேண்டிய சுமை அப்படியேதான் இருக்கும்.

வாங்குமுன் உங்களுடையது எந்த வகை ஏசி என்று பாருங்கள். ‘இன்வெர்ட்டர் ஏசி’ என்றால் (சூரிய மின் இன்வெர்ட்டருடன் இதைக் குழப்பிக்கொள்பவர் பலர்) அதன் கம்ப்ரசர் இயல்பாகவே மெதுவாகத் தொடங்குவதால் இக்கருவி தேவையில்லை, பொருத்தவும் கூடாது. கம்ப்ரசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும் நிலைவேக ஏசி என்றால், கம்ப்ரசரின் மின்னோட்டத்துக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். வெளி யூனிட்டில் உள்ள, மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதிர்ச்சி தரக்கூடியது என்பதால் பொருத்தும் வேலையை ஏசி மெக்கானிக்கிடமே விடுங்கள். அணைத்த ஏசியை மீண்டும் போடுவதற்கு முன் 3 நிமிடமாவது பொறுத்திருங்கள். குழாய்களில் குளிரூட்டும் வாயுவின் அழுத்தம் சமனாகாத நிலையில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்தும் கம்ப்ரசர் திணறும்.