பில்லில் உள்ள ஒரு சொல் போதும்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் 9,500 டாலருக்கு இங்கிலாந்து போவி கத்தி (இடுப்பு உறையில் செருகும் பெரிய கத்தி) ஒன்று வாங்கினேன். தெற்கு டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரர் இடுப்பில் கட்டியது என்று அரைமணி நேரம் கதை சொன்னார். பில்லில், 'ஷெஃபீல்ட், சுமார் 1850, ஸ்டெர்லிங் வெள்ளிப் பூண். பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவது' என்று இருக்கிறது. அந்தக் குடும்பத்தாருக்கு இப்படி ஒரு கத்தியே தெரியாதாம். பூணும் ஜெர்மன் சில்வர் என்கிறார் விவரம் தெரிந்த ஒருவர். மூன்று மாதமாகப் போனில் கேட்டால் வியாபாரி அவமானப்படுத்துகிறார். மோசடி வழக்குப் போடலாமா? நகைக்கடையில் உரசிப் பார்க்கட்டுமா?

பதில்: பண்ணைக் கதையை விடுங்கள். 'சொல்லப்படுவது' என்ற சொல்லை வைத்தே அவர் தப்பித்துவிடுவார். அவமானத்துக்கு நீதிமன்றத்தில் காசு கிடையாது. மோசடி என்று போனால் அவர் மனதில் இருந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

உங்கள் வழக்கு 'ஸ்டெர்லிங் வெள்ளி' என்பதில்தான் இருக்கிறது. விற்கும்போது பொருளைப் பற்றி எழுதித் தந்த விவரம் டெக்சாஸ் வணிகச் சட்டம் 2.313-இன்படி உத்தரவாதம். தெரிந்து எழுதினாரா, தெரியாமலா என்பது இதில் வராது. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் இல்லை. ஷெஃபீல்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த போவிகள் பலவற்றில் அந்தப் பூண்தான். அதனால் கத்தி அசலாகவே இருந்தாலும் பில் தவறாகலாம்.

தயவுசெய்து உரசாதீர்கள். பொருளைத் திருப்பித் தந்து பணம் கேட்க வேண்டுமானால், அதன் நிலை பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 2.608. என்னிடம் வந்த ஒருவர் இதே சந்தேகத்தில் பூணின் ஓரத்தை அரத்தால் ராவி அமிலம் விட்டுப் பார்த்தார். அரிசி மணி அளவுக்குப் பள்ளம். அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பள்ளத்தைப் படமாகப் பெரிதாக்கி, 'நாங்கள் விற்ற கத்தி இது இல்லை' என்றார். பாதிப் பணத்தோடு முடித்துக்கொண்டோம். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. கறை போக்கவும், பாலிஷ் போடவும் கூடாது. பழைய கத்திக்கு விலையே அந்தக் கறையில்தான். கீறாமல் எக்ஸ்ரே கருவியால் உலோகம் சொல்பவர்களிடம் போய், எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

அடுத்து, போன் பேச்சை நிறுத்துங்கள். குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எந்த நிவாரணமும் இல்லை (2.607). போனில் சொன்னீர்கள், சரி; அவர் மறுத்தால் சாட்சி யார்? இன்றே மின்னஞ்சல் போடுங்கள். உத்தரவாத வழக்குக்கு நான்கு ஆண்டு என்பது கத்தி கைக்கு வந்த நாளிலிருந்து, குறை தெரிந்த நாளிலிருந்து அல்ல.

20,000 டாலர் வரை ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே (சிறு தொகை வழக்குகளுக்கான உள்ளூர் நீதிமன்றம்) போடலாம். ஆனால் நிபுணர் செலவு உங்களுடையது. கத்தியை வாங்கிக்கொண்டு 8,000 தருகிறேன் என்று வியாபாரி சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தானதும் அவசரப்பட்டுக் கத்தியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பணம் வங்கியில் ஏறும்வரை அது உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.