பிளந்து போகும் பித்தளை உறைகள்

கேள்வி: ரைபிளில் தோட்டா அமரும் அறையின் வடிவத்துக்கு ஏற்ப விரிவதற்காக, பழைய பித்தளைத் தோட்டா உறைகளை ஒருமுறை சுட்டு எடுக்கிறேன். சிலவற்றில் கழுத்து நீளவாக்கில் பிளக்கிறது. சிலவற்றில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வளையமாக ஒரு பளபளப்பான கோடு தெரிகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா?

பதில்: இல்லை, இவை வெவ்வேறு கோளாறுகள். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த இப்பித்தளை, விரிந்தும் சுருங்கியும் வரும் ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே போவதால், ஒரு கட்டத்தில் விரிய மாட்டாமல் கழுத்தில் கிழிகிறது. சுடுவதற்கு முன் கழுத்தையும் அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளையும் மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தினால் இது பெருமளவு குறையும். அடிப்பகுதியில் வெப்பம் ஏறவே கூடாது. அது மென்மையானால் அழுத்தம் தாங்காமல் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும்.

வளையக் கோடுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. உறைக்கும், அறையைப் பின்புறம் மூடும் போல்ட்டுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருந்தால், முன்பகுதி அறைச் சுவரைப் பற்றிக்கொள்ள, பின்பகுதி மட்டும் பின்னோக்கி இழுபட்டு, சுவர் உட்புறமாக மெலிகிறது. முனை வளைத்த மெல்லிய கம்பியால் உள்ளே தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறையைக் கழித்துவிடுங்கள், பதப்படுத்துதல் இதற்கு மருந்தாகாது. இனி எடுக்கும் உறைகளில், கழுத்தை முதலில் அகட்டிப் பின் ஓரளவு சுருக்கி கழுத்தில் ஒரு பொய்த்தோள் (தற்காலிகத் தோள்) அமைத்தால், உறை போல்ட்டோடு ஒட்டி நிற்கும்.

அம்மோனியா கலந்த மெருகுப் பொருளைப் பயன்படுத்துகிறீர்களா? அதுவும் இறுகிய பித்தளையில் விரிசல் உண்டாக்கும்.