108-இல் இ.எம்.டி.யாக இருப்பவர் 'பாராமெடிக்' என்று போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) என்ற மருத்துவ உதவியாளர் வேலை. வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக ஆசை. ஏஜென்சிக்காரர், "பயோடேட்டாவில் பாராமெடிக் என்றே போடுங்க, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். போடலாமா? கூட வேலை பார்க்கும் ஓட்டுநர் அண்ணன், தன் பதவியை 'பைலட்' என்று எழுதலாமா என்று கேட்கிறார்.

பதில்: போடாதீர்கள். நம் ஊரில் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் படிப்புகள் எல்லாமே 'பாராமெடிக்கல் கோர்ஸ்'தான். அந்தப் பழக்கத்தில் ஏஜென்சிக்காரர் சொல்கிறார். இங்கிலாந்தில் பாராமெடிக் என்பது ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவருக்கான, சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவேட்டில் இல்லாத ஒருவர் ஏமாற்றும் நோக்கத்தோடு அதைப் போட்டுக்கொண்டால் குற்றம். 2021 செப்டம்பரிலிருந்து அந்தப் பதிவுக்கான படிப்பு பட்டப்படிப்பு நிலைக்கு உயர்ந்துவிட்டது. ஜி.என்.எம். டிப்ளமாவும், 108-இல் சேரும்போது தரும் சுமார் 50 நாள் பயிற்சியும் அதற்கு ஈடாகாது. இங்கிலாந்துதான் வேண்டுமென்றால் உங்களுக்கு நேரான வழி நர்ஸாகப் போவதுதான்: ஆங்கிலத் தேர்வு, பிறகு அங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. நடத்தும் கணினித் தேர்வு, அதன்பின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு.

வளைகுடாவில் பலர் மாட்டுவது, டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் செய்யும் சான்றிதழ் சரிபார்ப்பில். உங்கள் அனுபவச் சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்திடமே நேராகக் கேட்பார்கள்: பதவி என்ன, எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார்? மனிதவளத் துறை 'எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்' என்று பதில் எழுதும். விண்ணப்பத்திலோ 'பாராமெடிக்' என்றிருக்கும். அறிக்கை முரண்பாட்டோடு வரும். ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்த நான்கு வருடம் பொய்க் கணக்கு போலத் தெரியும். ஏஜென்சிக்காரருக்கு அதில் நஷ்டம் எதுவும் கிடையாது. அறிக்கை நிற்பது உங்கள் பெயரில்.

இதே சிக்கல் மறுபக்கமும் உண்டு. நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தால், இ.எம்.டி. என்ற பதவிப் பெயரால் அந்த நான்கு ஆண்டுகள் நர்சிங் அனுபவமாக எண்ணப்படாமல், பணி இடைவெளியாகப் போகலாம். எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நர்சிங் என்றால் ஆஸ்பத்திரி வார்டு அனுபவத்தை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.

ஆம்புலன்ஸ் வழி என்றால் விளம்பரத்தின் தலைப்பை நம்பாதீர்கள். கத்தாரின் ஹமத் மருத்துவக் கழகத்தில் 'ஆம்புலன்ஸ் பாராமெடிக்', 'கிரிட்டிக்கல் கேர் பாராமெடிக்' எனத் தனித்தனிப் பதவிகள் உண்டு. அமெரிக்காவில் இ.எம்.டி. என்றால் அடிப்படை நிலை, ஐ.வி. லைன் (நரம்பு வழி மருந்து ஏற்றும் குழாய்) போடுவது பொதுவாக அவர் வேலை இல்லை. ஆகவே கீழே கேட்டிருக்கும் படிப்பு, உரிமம், அனுபவ ஆண்டுகள் மூன்றையும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பயோடேட்டாவில் படிப்பு, பதவி, பதிவு மூன்றையும் ஒரே வரியில் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். படிப்பு: ஜி.என்.எம். பதவி: சான்றிதழில் உள்ளபடி எழுத்து மாறாமல். பதிவு: நர்சிங் கவுன்சில் எண். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) அட்டைகளைப் பயிற்சி என்ற தலைப்பில் போடுங்கள். அவை இரண்டு ஆண்டு செல்லும் பயிற்சி அட்டைகள், தொழில் உரிமம் ஆகாது.

உங்கள் மதிப்பு தெரிய வேண்டிய இடம் அனுபவச் சான்றிதழ். 'இவர் எங்களிடம் இ.எம்.டி.யாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரியோடு வாங்கி வந்துவிடாதீர்கள். வாகனம் எந்த வகை என்று எழுதச் சொல்லுங்கள்: ஏ.ஐ.எஸ். 125 என்ற இந்திய ஆம்புலன்ஸ் வாகனத் தரநிலைப்படி 'சி' வகை அடிப்படை உயிர்காப்பு ஆம்புலன்ஸ், 'டி' வகை மேம்பட்டது. செய்த வேலைகளும் வரட்டும்: வண்டியிலேயே பார்த்த பிரசவங்கள், சி.பி.ஆர்., கழுத்துப் பட்டை போட்டு ஸ்பைன் போர்டில் (முதுகெலும்பு அசையாமல் தூக்கும் பலகை) ஏற்றியது, ஐ.வி. லைன், ஆக்சிஜன், நெபுலைசர். மருந்து விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். கட்டுப்பாட்டு மையத்து டாக்டரிடம் போனில் கேட்டுக் கொடுத்த மருந்தை 'தொலைபேசி வழி மருத்துவர் உத்தரவின்படி' என்றே குறிப்பிடுங்கள். நேர்முகத் தேர்வில் "நீங்களாகக் கொடுத்தீர்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். உத்தரவோடு கொடுத்தேன் என்பதில் குறைவு எதுவும் இல்லை. விதிமுறைப்படி வேலை செய்பவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணனுக்கு: 'பைலட்' நல்ல மரியாதையான பெயர்தான், ஆனால் சேவைக்குள் வழங்கும் பெயர். 'ஆம்புலன்ஸ் ஓட்டுநர் (நிறுவனப் பதவிப் பெயர்: பைலட்)' என்று எழுதட்டும். வெறும் 'டிரைவர்' என்று சுருக்கவும் வேண்டாம். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, விபத்து இடத்தைப் பாதுகாப்பது, சி.பி.ஆரில் கைமாற்றுவது எல்லாம் அவர் வேலை, அவற்றையும் சேர்க்கட்டும்.

இதே துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் 'எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்', 'அட்வான்ஸ் கேர் பாராமெடிக்' இரண்டும் தனித் தொழில்களாக இருக்கின்றன. நர்சிங் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்குக் கவுன்சில் வேறு. ஆம்புலன்ஸ்தான் வாழ்க்கை என்று தெளிவாக இருப்பவர்கள் பி.எஸ்சி. விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் போன்ற நேரடிப் படிப்பில் சேரட்டும். சேரும்முன் கல்லூரியிடம், 'இந்தப் படிப்பு அட்டவணையின் எந்தத் தொழிலின்கீழ் பதிவாகும்?' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.