கப்பலேறாததா குற்றம்?

கேள்வி: ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவில் காலே வைக்காமல், ஓர் இந்திய மொழிகூடத் தெரியாமல், இந்திய வரலாறு எழுதினாராம். அந்தப் புத்தகத்தைத் தொடுவதே வீண் என்கிறார் வரலாறு படிக்கும் என் நண்பர். மில்லைத் தத்துவவாதி என்று சொன்னாலே அவருக்குக் கோபம் வருகிறது. தங்கள் கருத்து?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நண்பர் குற்றப்பத்திரிகையின் முதல் வரியாக எழுதியிருப்பதை மில் தம் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்ட கையோடு அதையே தகுதியாகவும் ஆக்கிக்கொண்டார். இந்தியாவில் ஆயுள் முழுக்கக் கிடந்து கண்ணாலும் காதாலும் அறிவதைவிட, தக்க பயிற்சி உள்ளவர் இங்கிலாந்தில் அறைக்குள் உட்கார்ந்து ஓராண்டில் அதிகம் அறியலாம் என்பது அவர் வாதம். நீதிபதி சம்பவ இடத்தில் இருந்தவரா என்ன? சாட்சிகளைக் கேட்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். வரலாற்றாசிரியர் வேலையும் அதுதான் என்கிறார்.

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சோழர் வரலாறு எழுதிய எவரும் ராஜராஜன் காலத்துக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தவர் இல்லை. 'வரவில்லை' என்று ஆரம்பித்தால் வழக்கு முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி ஆகிவிடும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1773-ல் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். சர் ஜான் ஸ்டூவர்ட் என்ற பிரபுவின் தயவில் எடின்பரோவில் படித்தார். 1798-ல் பிரசங்கியாக உரிமம் வாங்கினார். அது சோறு போடவில்லை. 1802-ல் லண்டன் போய்ப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1806-ல் இந்திய வரலாற்றைத் தொடங்கினார். மூத்த மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் பிறந்ததும் அதே ஆண்டு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. பையனுக்கு மூன்று வயதில் கிரேக்கம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அதே மேசையில் எழுதினார். 1817-ல் அச்சுப்படி திருத்தியபோது கையெழுத்துப் படியை உரக்கப் படித்துக் காட்டியவன் அந்தப் பதினோரு வயதுப் பையன்தான். மூன்று பெரிய தொகுதிகள்.

இப்போது நீதிபதிக்கு வருவோம். நல்ல நீதிபதி எல்லாச் சாட்சிக்கும் ஒரே எடைக்கல்லைத்தான் போடுவார். மில்லிடம் இரண்டு கல் இருந்தன. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சமஸ்கிருத அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் மனு தர்மத்தை 1794-ல் மொழிபெயர்த்திருந்தார். அதில் உள்ள கொடுமையான தண்டனைகள் என்றால் நடைமுறையில் இருந்தனவா என்ற கேள்வியே எழாது, எழுதியிருக்கிறது, போதும். அதே ஜோன்ஸ் சமஸ்கிருத இலக்கியத்தைப் புகழ்ந்தால், அது கல்வி மயக்கம், தள்ளு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

ஒரே ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நூலை மில் 'புத்தகம்' என்ற பகுதிகளாகப் பிரித்திருக்கிறார். இரண்டாம் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம் கைத்தொழில் பற்றியது. இந்தியத் துணியின் மென்மையை மில்லால் மறுக்க முடியவில்லை. லண்டன் கடைகளிலேயே அது விற்றுக்கொண்டிருந்தது. என்ன செய்தார்? நெசவு என்பது நாகரிகம் முதிராத சமூகத்துக்கும் எளிதில் கைகூடும் தொழில். உட்கார்ந்த இடத்தில் பொறுமையாகச் செய்வது. இந்துவின் மெலிந்த உடம்புக்கும் தொட்டுணரும் விரலுக்கும் இயல்பாகவே பொருந்துவது என்றார். நூலிழை எண்ணிக்கையோ, பாவு ஓட்டுவதோ, சாயம் ஏற்றுவதோ அவர் கணக்கில் அறிவாக ஏறவில்லை. துணி மட்டமாக இருந்திருந்தால் அறிவு மட்டம். துணி உயர்வாக இருந்ததால் உடம்பு வாகு. எந்தச் சாட்சி வந்தாலும் தீர்ப்பு மாறாத கோர்ட் இது.

இரண்டாவது கல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவருடைய தத்துவம் இருக்கிறது. வேட்டை, மேய்ச்சல், உழவு, வணிகம் என்று சமூகங்கள் படியேறுகின்றன என்பது அந்தக் கால ஸ்காட்லாந்து அறிஞர்களின் ஏணி. கிளாஸ்கோவில் ஜான் மில்லர் போன்றோர் அதை நிதானமாகவே பயன்படுத்தினார்கள். மில் 1808 வாக்கில் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலத் தத்துவவாதிக்கு நெருக்கமானார். பயன்பாடு ஒன்றே அளவுகோல் என்பது பெந்தாம் கொள்கை. ஏணியையும் அளவுகோலையும் ஒட்டவைத்து, ஒரு நாடு எந்த அளவுக்குப் பயனை நோக்கி இயங்குகிறதோ அந்த அளவுக்குத்தான் அது நாகரிகம் அடைந்தது என்று மில் எழுதினார். யாருக்கு, எது பயன் என்பதை யார் சொல்வது? அவரேதான். ஆட்சிமுறை பற்றி 1820-ல் எழுதிய கட்டுரையிலும் இதே பழக்கம்: பெண்களின் நலன் தகப்பன் நலனிலோ கணவன் நலனிலோ அடங்கிவிடும், ஆகவே அவர்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்தார். மனித இயல்பு இப்படித்தான் என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து அரசியலைப் பின்னுகிறார் என்று 1829-ல் மெக்காலே அவரைப் பிடி பிடியென்று பிடித்தார். அதே மெக்காலே 1833-ல் நாடாளுமன்றத்தில் மில்லின் இந்திய வரலாற்றை வானளாவப் புகழ்ந்தார் என்பது தனி வேடிக்கை.

புத்தகம் கிழக்கிந்தியக் கம்பெனியையும் சும்மா விடவில்லை. கம்பெனி கோபப்படாமல் 1819-ல் ஆண்டுக்கு 800 பவுன் சம்பளத்தில் அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. இங்கேதான் சேதம் தொடங்குகிறது. சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ இணைப்புத் தாள்களோடு கட்டுக்கட்டாகக் கடிதம் வரும். மில் வேலை பார்த்த அலுவலகத்தில் அதைப் படித்துப் பதில் வரைவு எழுதுவார்கள். வரைவு கம்பெனித் தலைவருக்குப் போகும், பிறகு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, அவர்கள் அடித்துத் திருத்தித் திருப்பி அனுப்பியதும் இயக்குநர் சபைக்கு, அதன்பின் கப்பலுக்கு. ஒரு பதில் வந்து சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கையெழுத்துப் போடுபவர் யாரோ, எழுதுபவர் மில். 1830-ல் அந்த அலுவலகத்துக்கே தலைவர் ஆனார்.

வருவாய் விஷயத்தில் ஜமீன்தார் என்ற இடையாள் கூடாது, குடியானவனோடு அரசு நேரடியாகத் தீர்வை பேச வேண்டும் என்பது அவர் நிலை. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் ரயத்துவாரிக்கு அது ஆதரவு. அதுவரை சரி. ஆனால் எவ்வளவு வாங்குவது? மில்லின் நண்பரான பொருளாதார அறிஞர் ரிக்கார்டோவின் வாரக் கொள்கை, அதாவது நில வாடகைக் கொள்கை, கையில் இருந்தது: கூலி, முதல், சாதாரண லாபம் போக நிலம் மிச்சமாகத் தருவதை அரசு எடுத்துக்கொண்டால் உழவனுக்கு வலிக்காது. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஹெய்லிபரி கல்லூரியில் இந்தப் பொருளாதாரம் படித்த பிரிங்கிள் என்ற அதிகாரி பூனாப் பகுதியில் இதைக் கணக்காகவே போட்டார். வயலைத் தரம் பிரித்து, மொத்த விளைச்சலை மதிப்பிட்டு, விதை, மாடு, ஆள்கூலி எல்லாம் கழித்து, நிகரத்தில் 55 விழுக்காட்டைத் தீர்வையாக வைத்தார். ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை கணக்கு போட வெள்ளைக்கார அதிகாரி எத்தனை பேர்? அடிமட்டச் சிப்பந்திகள் எழுதியதுதான் விளைச்சல். லஞ்சம் கொடுத்தவனுக்குக் குறைவு, கொடுக்காதவனுக்கு அதிகம். தானிய விலை வேறு சரிந்தது. ஆட்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனார்கள். 1835 முதல் அதே பூனாப் பகுதியின் இந்தாபூரில் தொடங்கி வேறு அளவைமுறை கொண்டுவந்துதான் சமாளித்தார்கள்.

நண்பருக்குச் சொல்லுங்கள்: புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம், வில்சன் பதிப்பாகத் தேடி எடுக்கட்டும். கல்கத்தாவில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, பிறகு ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியரான ஹோரேஸ் ஹேமன் வில்சன் 1840 முதல் அதை மறுபடி பதிப்பித்தார். மேலே மில் பேசுவார். கீழே அடிக்குறிப்பில் வில்சன் மறுப்பார். இந்தியாவுக்கு வரும் இளம் அதிகாரிகளின் கடுமைக்கே இந்தப் புத்தகம் காரணம் என்று அவர் முன்னுரையில் பழி போட்டிருக்கிறார். முன்னுரைகள் இரண்டையும் படித்துவிட்டு நேரே இரண்டாம் புத்தகத்தின் பத்தாம் அத்தியாயத்துக்குப் போகட்டும். தீர்ப்பு அங்கே இருக்கிறது. பிறகு பின்னோக்கி வந்தால் சாட்சிகளை மில் எப்படி வளைத்தார் என்பது பளிச்சென்று தெரியும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் பாதியில் தூக்கம் வரும், மில்லின் நடை அப்படி.

இன்னொன்று. மில்லைத் திட்டுகிறவர்கள் பலரும் அவர் போட்ட கோட்டின்மேல்தான் நின்று திட்டுகிறார்கள். இந்து, முகமதியர், பிரிட்டிஷ் என்று இந்திய வரலாற்றை மூன்றாக வெட்டியது அவர் புத்தகம். முதல் இரண்டுக்கும் மதம் பெயர். மூன்றாவதற்கு நாடு பெயர், 'கிறிஸ்தவர் காலம்' என்று இல்லை. அந்தக் கத்தியைத் தஞ்சாவூர்மேல் வைத்துப் பாருங்கள். சமணமும் பௌத்தமும் ஓங்கியிருந்த நூற்றாண்டுகள் 'இந்து காலத்தில்' எங்கே உட்காரும்? சோழர் ஆட்சி 1279 வாக்கில் முடிந்தது. பாண்டியர், மதுரை சுல்தான்கள் இருந்த சில பத்தாண்டு, விஜயநகரம், 1673 வரை நாயக்கர், அதற்குப் பின் மராத்தியர். ஆர்க்காட்டு நவாபு தஞ்சையைப் பிடித்து வைத்திருந்தது 1773 முதல் 1776 வரை. 1799-ல் இரண்டாம் சரபோஜி நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டார். நண்பர் வரலாற்று மாணவர் என்கிறீர்களே, அவர் நோட்டில் உங்கள் ஊரின் 'முஸ்லிம் காலம்' எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.